பழனி நடைக்கு மெக்ரிட்சியில் பயிற்சி: நான்கு பேர், நான்கு வேகம், என்ன செய்யலாம்?

கிளமெண்டி அக்கா

வணக்கம். வரும் தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நான், என் நாத்தனார், அலுவலகத் தோழி ஒருத்தி, எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் பெண், ஆக நான்கு பேர். ஏறக்குறைய 60 கிலோமீட்டர், இரண்டு நாளில். இங்கே சிங்கப்பூரில் பால்குடம் எடுத்து நடந்த பழக்கம் நால்வருக்கும் உண்டு. ஆனால் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் கிளம்பி டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர மூன்று நான்கு கிலோமீட்டர்தான். அதை நம்பிப் பழனிக்குப் போக முடியாது என்று ஒன்பதாம் மாடிக்காரிதான் பயமுறுத்தி எங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவுக்கு இழுத்து வந்தாள்.

இடத்தைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். தண்ணீரை ஒட்டிப் பலகைப் பாதை, அப்புறம் காட்டுக்குள் ஏற்ற இறக்கம், ரேஞ்சர் ஸ்டேஷன் தாண்டி ட்ரீடாப் வாக் தொங்குபாலம், திரும்ப வர நிறையப் படிகள். முழுச் சுற்று 11 கிலோமீட்டர் போல வரும். பெரும்பாலும் நிழல்.

பிரச்சினை வேகம். ஒன்பதாம் மாடிக்காரி பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டிகளில் எல்லாம் ஓடுகிறவள். அவள் நடப்பதே எனக்கு ஓட்டம் மாதிரி இருக்கும். நாத்தனாருக்கு 58 வயது, முழங்கால் கொஞ்சம் தகராறு, சர்க்கரைக்கு மாத்திரை. அலுவலகத் தோழி நன்றாக நடப்பாள், ஆனால் பேச்சு சூடுபிடித்தால் நின்றுவிடுவாள். நான் நடுவில்.

ஒவ்வொரு பிரிவுப் பாதையிலும் நின்று காத்திருக்கிறோம். முன்னால் போனவள் பத்து, பதினைந்து நிமிடம் நின்று கால் விறைத்துப் போய் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். தொங்குபாலம் வார இறுதியில் காலை 8.30க்குத்தான் திறக்கும், அவள் அதற்கு முன்பே போய் வாசலில் நிற்பாள். நாத்தனார் மூச்சு வாங்க வந்து சேரும்போது நாங்கள் எல்லோரும் "சரி, கிளம்பலாமா" என்று எழுந்துவிடுவோம். போன வாரம் அவர், "உங்களுக்கெல்லாம் நாலு தடவை ஓய்வு, எனக்கு ஒரு தடவைகூட இல்லை" என்றார். நியாயம்தானே?

பாலம் ஒருவழிப் பாதை, முடியவில்லை என்றாலும் நடுவில் திரும்ப முடியாது. காட்டுக்குள் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

இனி 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இப்படியே சேர்ந்து நடப்பதா, அவரவர் வேகத்தில் பிரிந்து பயிற்சி செய்துவிட்டுப் பழனிக்கு மட்டும் சேர்ந்து போவதா? வேறு பூங்கா மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வெறுங்காலில் நடப்பது பற்றியும் சொன்னால் நல்லது. நாத்தனார் செருப்பே போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

---

பிடோக் படகுத்துறை

அக்கா, பூங்காவை மாற்றுங்கள். கடற்கரையை ஒட்டிய ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வாருங்கள். நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்).

மெக்ரிட்சி அருமையான இடம், ஆனால் அங்கே உங்கள் கால் பழகுவது வேருக்கும் கல்லுக்கும் படிக்கும். நீங்கள் நடக்கப் போவதோ தார் ரோடு. சமதளத்தில் மணிக்கணக்காக ஒரே மாதிரி அடி வைப்பது வேறு வகைக் களைப்பு. பாதத்தின் ஒரே இடம் ஆயிரக்கணக்கான தடவை தேயும், இடுப்பு பிடிக்கும். காட்டுப் பாதையில் ஒவ்வொரு அடியும் மாறுவதால் அது தெரியாது. பழனியில் படி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது கடைசியில் வருவது, அதற்கு உங்கள் புளோக்கிலேயே படி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் லிஃப்டை மறந்துவிட்டு ஏறுங்கள்.

இப்போது வேகப் பிரச்சினை. எங்கள் குழுவில் நாங்கள் செய்வது இதுதான்: தூரத்தைப் பிரிப்பதில்லை, நேரத்தைப் பிரிக்கிறோம். காலை 5.30க்கு எல்லோரும் ஒரே இடத்தில் கிளம்புவோம். அவரவர் வேகத்தில் கிழக்கு நோக்கி நடக்க வேண்டும். 7.30 அடித்ததும் யார் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கிறவர் 12 போய்த் திரும்புவார், 4 நடக்கிறவர் 8 போய்த் திரும்புவார். இரண்டு பேரும் 9.30 வாக்கில் கிளம்பின இடத்துக்கு வந்துவிடுவார்கள். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. வேகமானவருக்கு 24, மெதுவானவருக்கு 16, இருவருக்கும் 4 மணி நேரம் காலில் நின்ற பயிற்சி. திரும்பி வரும் வழியில் வேகமானவர் மற்றவர்களைப் பிடிக்க வருவார், மெதுவானவர் பிடிபடாமல் இருக்கப் பார்ப்பார். அதில் ஒரு குஷி இருக்கிறது.

ஃபோர்ட் ரோடு பக்கம் கிளம்பினால், உங்கள் நாத்தனார் பாதை முழுக்கப் பூங்காவை ஒட்டியே இருக்கும். கழிவறை, குடிநீர்க் குழாய், உட்கார இடம், நடுவில் லகூன் உணவங்காடி நிலையம், எல்லாம் உண்டு. 2024 ஜூனில் தஞ்சோங் ரூவில் இருந்து பேஷோர் வரை எம்ஆர்டி வந்துவிட்டதால், முடியவில்லை என்றால் மரின் பரேட் அல்லது சிக்லாப் பக்கம் வெளியே வந்து ரயில் ஏறிவிடலாம். காட்டுக்குள் தனியாக விட்டோமே என்ற கவலை இல்லை. ஆனால் ஞாயிறு அந்த நேரத்துக்குக் கிளம்ப ரயில் கிடைக்காது, நான்கு பேர் சேர்ந்து டேக்சி பிடித்துக்கொள்ளுங்கள்.

வேகமான தோழி பூங்காவைத் தாண்டி சாங்கி கடற்கரைச் சாலைப் பக்கம் போய்விடுவார். அங்கே பூங்கா இணைப்புப் பாதை விமான ஓடுபாதையை ஒட்டி நேராகப் போகும். நிழல் குறைவு. தண்ணீரை நிரப்பிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சைக்கிள் பாதையில் நடக்காதீர்கள். பேச்சு சூடுபிடிக்கும் தோழிக்குக் குறிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

---

குரங்கு பார்த்தவன்

மெக்ரிட்சியை இப்படிக் கைவிடலாமா? அந்த நீர்த்தேக்கம் 1868இல் கட்டினது, இந்த ஊரிலேயே பழையது. பிடோக் தம்பி கடலைத் தூர்த்து நிரப்பின மண்ணின் மேல் நின்றுகொண்டு பேசுகிறார்.

யார் எங்கே நடந்தாலும் சரி, மெக்ரிட்சி போகிறவர்கள் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். பை என்றாலே சாப்பாடு என்று அங்கே இருக்கும் குரங்குகளுக்குத் தெரியும். பாவம் என்று ஒரு வாழைப்பழம் நீட்டினாலும் சட்டப்படி அபராதம், 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை. அந்தக் காசில் பழனிக்கு விமானத்திலேயே பல தடவை போய் வரலாம்.

---

குன்றக்குடி பாதை

ஆச்சி, நான் காரைக்குடிப் பக்கம். இப்போது உட்லண்ட்ஸில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு பழனிக்குப் போவார்கள். 400 வருஷப் பழக்கம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நீங்கள் பால்குடம் கொண்டு சேர்க்கிற டேங்க் ரோடு கோயிலும் 1859இல் எங்கள் செட்டியார்கள் எழுப்பியதுதான். பெருமைக்குச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிடோக் தம்பி சொன்ன நேரக் கணக்கு நல்ல யோசனை. ஆனால் அதை மட்டுமே செய்தால் போதாது. காரணம் சொல்கிறேன்.

பாதயாத்திரையில் சேர்ந்து போகிறோம் என்றால் கைகோத்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம் இல்லை. ரோட்டில் யாரும் அப்படி நடப்பதில்லை. தங்குகிற இடத்தில்தான் சேர்கிறோம். மெதுவாக நடக்கிறவர்கள் இரவு இரண்டு மணிக்கே கிளம்புவார்கள், வேகமானவர்கள் மூன்றரைக்கு. காலையில் வெயில் ஏறும் நேரத்தில் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அதனால் உங்கள் பயிற்சியில் பின்பாதியை இப்படிச் செய்து பாருங்கள்: நாத்தனார் முதலில் கிளம்பட்டும், துணைக்கு ஒருவர். ஒன்பதாம் மாடிப் பெண் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பட்டும். சேருமிடம் ஒன்று.

ஓய்வு விஷயத்தில் நாத்தனார் சொன்னதுதான் சரி. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ண ஆரம்பிப்போம். முன்னால் வந்தவர் முணுமுணுத்தால் அவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புவோம்.

அப்புறம், உங்களுக்கு ஒரே நாளில் 30 நடக்கிற பலத்தைவிட, இன்று 20 நடந்துவிட்டு மறுநாள் விடியும் முன் எழுந்து அதே காலோடு மறுபடி 15 நடக்கிற பலம்தான் வேண்டும். முதல் நாள் யாரும் விழுவதில்லை. திண்டுக்கல்லில் உற்சாகமாகக் கிளம்பி ஒட்டன்சத்திரம் வரை பாட்டும் அரோகராவுமாகப் போவார்கள். மறுநாள் விடிகாலை படுக்கையை விட்டுக் காலைக் கீழே வைக்கும்போதுதான் தெரியும். அந்த முதல் அரை மணி நேரத்தை இங்கேயே ஒருமுறை அனுபவித்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை மாலையும் ஞாயிறு விடியற்காலையும் சேர்த்து நடக்க வேண்டும்.

தை மாதம் அங்கே விடிகாலை பனி, காதைக் கட்டிக்கொள்ளத் துண்டு வேண்டும். பத்து மணிக்கு மேல் தார் சுடும். இருட்டில் நடக்கும்போது முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். ரோட்டோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று பதித்த நடைபாதை இருக்கிற இடத்தில் அதைவிட்டு இறங்காதீர்கள், லாரிகள் போகிற சாலை. வழியெல்லாம் அன்னதானம் கிடைக்கும், அதனால் சாப்பாட்டு மூட்டை தூக்காதீர்கள். ஆனால் கிடைக்கிற இடத்தில் எல்லாம் சாப்பிட்டால் நடக்க முடியாது. பொங்கலைக் கண்டதும் உட்கார்ந்தவர்கள் பலர் அதற்கப்புறம் பேருந்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

மலையில் 693 படி. ஏறுவது முருகன் பாடு, இறங்குவதுதான் நம் பாடு. முழங்கால் தகராறு உள்ளவர் யானைப் பாதை வழியாக ஏறி இறங்கலாம், சரிவு குறைவு. இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன, ஆனால் பூச நாளில் அந்த வரிசையில் நிற்பதற்குப் படியே மேல்.

---

இரவு ஷிப்ட்

அக்கா, நான் நர்ஸ். மற்றவர்கள் நடையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் உங்கள் நாத்தனாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சர்க்கரை உள்ளவர் வெறுங்காலில் நெடுஞ்சாலையில் நடப்பது வேண்டாம். பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அது குறைந்திருப்பது அவருக்கே தெரியாது. கல் குத்தினது, தார் சுட்டது, எதுவும் உறைக்காது. மாலை கால் கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்ப்பார். அந்தப் புண் ஆறவும் நாள் எடுக்கும். பாலிகிளினிக்கில் அடுத்த முறை போகும்போது பாதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மெல்லிய இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிடம்தான். முழங்காலையும் அப்போதே காட்டிவிடுங்கள். பரிசோதனையில் உணர்ச்சி நன்றாக இருந்தாலும் நடைக்கு ஷூ போடட்டும். மலையடிவாரத்தில் கழற்றிக்கொள்ளட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, அவர் சாப்பிடும் மாத்திரை என்ன என்று பாருங்கள். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் நீண்ட நடையில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். நடை நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் நடப்பதை நிறுத்தி உடனே மிட்டாய் கொடுங்கள். கூடவே ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அதனால் பிடோக் அண்ணன் முறையில் அவரவர் தனியாகப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நால்வரை இரண்டு இரண்டாகப் பிரியுங்கள்.

கொப்புளத்துக்கு: பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரமும் உரசலும்தான் கொப்புளம். ஓட்டக்காரர்கள் போடும் செயற்கை இழைக் காலுறை வாங்குங்கள், ஒரு ஜோடி மாற்றிக்கொள்ளக் கையில் இருக்கட்டும். சிவக்கிற இடம் எது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிடும். கிளம்பும் முன்பே அங்கே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் தோலைப் பிய்க்காதீர்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்னதாகவே வெட்டுங்கள்.

தண்ணீர்: தாகத்துக்குக் குடித்தால் போதும். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி வரும். நடுவில் ஏதாவது உப்பாகச் சாப்பிடுங்கள். 100 பிளஸ் பானத்தில் உப்பு உண்டு, சர்க்கரையும் உண்டு, நாத்தனார் அளவாகக் குடிக்கட்டும்.

---

கிளமெண்டி அக்கா

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறன்று ஈஸ்ட் கோஸ்ட்டில் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நர்ஸ் தங்கை சொன்னபடி இரண்டு இரண்டாகப் பிரிந்தோம். நானும் நாத்தனாரும் ஒரு ஜோடி, மற்ற இருவரும் ஒரு ஜோடி. 5.30க்குக் கிளம்பும்போது நல்ல இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் கடல் பக்கம் நிற்கும் கப்பல்கள் மட்டும் தெரிந்தன. இங்கேதான் ஏழு மணி வரை விடியாதே, அதனால் போகும் பாதி முழுக்கச் சுகமாக இருந்தது. நாத்தனார் முழங்காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நிற்க வேண்டாம், யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றதும் அவருக்கு ஒரே சீரான நடை வந்துவிட்டது. பேசிக்கொண்டே நடந்தோம். மகன் கல்யாண விஷயம் எல்லாம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது!

7.30க்குத் திரும்பினோம். ஒன்பதாம் மாடிக்காரி எப்போது வந்து பிடிப்பாளோ என்று நாத்தனார் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். லகூன் தாண்டியும் ஆள் வரவில்லை. மரின் பரேட் தாண்டியும் வரவில்லை. நாங்கள் கிளம்பின இடத்துக்கு வந்து தண்ணீர் குடித்து, காலுறை மாற்றி, உட்கார்ந்து வெகு நேரம் கழித்துத்தான் இருவரும் முகம் சிவந்து வந்தார்கள். ஓடுபாதைப் பக்கம் வெயில் பிடித்துக்கொண்டதாம், தண்ணீரும் தீர்ந்துவிட்டதாம். நாத்தனார் எழுந்து நின்று, "சரி, கிளம்பலாமா" என்று கேட்டாரே பார்க்கணும்.

ஷூ விஷயத்தில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பாதப் பரிசோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். "முடிவு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறார்.

குன்றக்குடி அண்ணன், ஒரு சந்தேகம். சனி மாலை, ஞாயிறு விடிகாலை இரண்டையும் சேர்த்து நடப்பதை எத்தனை நாள் முன்னால் செய்வது? கடைசி வாரத்தில் செய்தால் கால் தேறாதே?

---

பிடோக் படகுத்துறை

அக்கா, தோழியிடம் சொல்லுங்கள்: போகும்போது கொஞ்சம் மிச்சம் வைத்துப் போக வேண்டும். முதல் பாதி இருட்டிலும் குளிர்ச்சியிலும் நடப்பதால் வேகம் உடம்புக்கு உறைக்காது. திரும்பும் பாதி முழுக்க வெயிலில். ஓட்டக்காரர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அடுத்த தடவை அவர் 7.15க்கே திரும்பட்டும், கௌரவம் பார்க்க வேண்டாம்.

---

குன்றக்குடி பாதை

ஆச்சி, இரட்டை நடையைப் பூசத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரணும். கடைசி வாரம் தினம் அரை மணி நேரம் போதும். ஊருக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள், விமானத்தில் உட்கார்ந்து வீங்கின காலோடு நடக்க ஆரம்பிக்க வேண்டாம். புது ஷூ வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள். நாத்தனாருக்கும் சேர்த்து ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள், காசு கொடுத்து வாங்கினது வீட்டில் கிடக்கிறதே என்றாவது போட்டுப் பார்ப்பார்.